சாஞ்சி: அசலும் வட்டியும்

கையில் 200 ரூபாய் நோட்டு இருந்தால் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். காந்தி இருக்கும் பக்கம் இல்லை, பின்பக்கம். கவிழ்த்து வைத்த பெரிய கிண்ணம் மாதிரி ஒரு கட்டடமும் அதன் முன்னால் ஒரு தோரண வாயிலும் தெரியும். அதுதான் மத்தியப் பிரதேசத்தில் இருக்கும் சாஞ்சி பெரிய ஸ்தூபி. 2017-ல் இந்த நோட்டு வந்ததிலிருந்து நாம் எல்லோரும் சாஞ்சியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டுதான் திரிகிறோம்.

பள்ளிக்கூடத்தில் இதைப் பற்றி நமக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரே வரி. "அசோகர் சாஞ்சியில் ஸ்தூபி கட்டினார்." இரண்டு மார்க் கேள்வி, முடிந்தது. ஆனால் நோட்டில் அச்சாகியிருக்கும் இந்த உருவம் அசோகர் விட்டுப் போனது இல்லை. அவருக்குப் பிறகு வந்தவர்கள் பெரிதாக்கியது. பிறகு காடு மூடியது. பிறகு புதையல் ஆசையில் ஒருவர் பிளந்தார். அதற்கப்புறம் பல வருஷம் உழைத்துத் திரும்ப நிறுத்தி வைத்தார்கள். இந்தக் கடைசி இருநூறு வருஷக் கதைதான் எனக்கு அசோகர் கதையை விடச் சுவாரசியமாகத் தெரிகிறது.

"காமர்ஸ் படிக்கிறவனுக்கு சாஞ்சியில் என்னப்பா வேலை?" என்று கேட்கும் நண்பர்கள் கொஞ்சம் பொறுங்கள். அங்கே கல்லில் நிறைய கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். வட்டிக் கணக்கு உட்பட! அதற்குக் கடைசியில் வருகிறேன்.

மலையும் ஸ்தூபியும்

போபாலிலிருந்து வடகிழக்கே 50 கிலோமீட்டருக்குள் வந்துவிடும் சாஞ்சி. சுமார் 90 மீட்டர் உயரமுள்ள சின்னக் குன்று. பழைய பெயர் காகநாவ. பக்கத்தில் 10 கிலோமீட்டர் தூரத்தில் விதிஷா. அந்தக் காலத்தில் அது பெரிய வணிக நகரம். ஊர் சத்தம் எட்டாத தூரம், ஆனால் காலையில் பிச்சைக்குப் போய்விட்டுத் திரும்பி வரக்கூடிய தூரம். துறவிகளுக்கு வேறென்ன வேண்டும்?

ஒரு ஆச்சரியம். புத்தர் வாழ்க்கையில் சாஞ்சிக்கு இடமே இல்லை. அவர் பிறந்தது, ஞானம் பெற்றது, முதல் உபதேசம் செய்தது, மறைந்தது எல்லாம் வேறு ஊர்களில். சாஞ்சிக்குப் பெருமை வந்தது அசோகரால். இலங்கையின் மகாவம்சம் சொல்வதன்படி, அசோகர் இளவரசராக இருந்தபோது விதிஷா வணிகர் ஒருவரின் மகள் தேவியை மணந்தார். அவர்களின் மகன்தான் இலங்கைக்கு பௌத்தத்தைக் கொண்டுபோன மகிந்தர். புறப்படும் முன் அம்மாவைப் பார்க்க இங்கே வந்தார் என்றும் அந்த நூல் சொல்கிறது.

கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோகர் காலத்தில் கட்டியது செங்கல் ஸ்தூபி. இப்போது இருப்பதில் பாதி அளவுதான். பக்கத்தில் சுனார் கல்லில் பளபளப்பான ஒரு தூண். சங்கத்தைப் பிளக்கும் துறவிக்கு வெள்ளை உடை உடுத்தி வெளியே அனுப்பிவிட வேண்டும் என்ற அசோகரின் ஆணை அதில் இருக்கிறது. அடுத்த நூற்றாண்டில் செங்கல் ஸ்தூபியைச் சுற்றிக் கல் போர்த்தினார்கள். விட்டம் சுமார் 36 மீட்டர், உயரம் 16 மீட்டருக்கு மேல் ஆனது. அதற்கப்புறம் சாதவாகனர் காலத்தில் நான்கு திசைக்கும் நான்கு தோரண வாயில்கள். அந்தச் சிற்பங்களில் புத்தர் மனித உருவில் எங்கும் இல்லை. ஒரு மரம், ஒரு சக்கரம், ஒரு ஜோடிப் பாதம், அவ்வளவுதான். பார்ப்பவர்களுக்குப் புரிந்தது.

சுமார் 12, 13-ஆம் நூற்றாண்டு வரை துறவிகள் இருந்தார்கள். பிறகு ஆள் இல்லை. காடு வந்தது.

காடு காத்தது, கடப்பாரை கெடுத்தது

1818-ல் ஜெனரல் டெய்லர் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி இந்த மலையைப் பார்த்து எழுதினார். அப்போது பெரிய ஸ்தூபியின் அரைக்கோளம் முழுசாக இருந்தது. நான்கு வாயில்களில் மூன்று நின்றுகொண்டிருந்தன. தெற்கு வாயில் மட்டும் விழுந்த இடத்திலேயே கிடந்தது. அதாவது ஆறேழு நூற்றாண்டு மழை, வெயில், மரவேர் எல்லாம் சேர்ந்து செய்த சேதம் ஒரு வாயில்!

நான்கே வருஷம். 1822-ல் போபாலில் இருந்த கேப்டன் ஜான்சன் என்ற அதிகாரி பெரிய ஸ்தூபியை ஒரு பக்கம் உச்சியிலிருந்து அடி வரை பிளந்து பார்த்தார். உள்ளே பொக்கிஷம் இருக்கும் என்ற எண்ணம். ஒன்றும் இல்லை. திறந்த பள்ளத்தை மூடவும் இல்லை. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி மண் ஊறி, மேற்கு வாயிலும் அதை ஒட்டிய கல் வேலியின் ஒரு பகுதியும் சரிந்து விழுந்தன. இரண்டாம் ஸ்தூபியும் பாதி சிதைந்தது. தன் வரவு செலவில் அவருக்கு நஷ்டம் எதுவும் இல்லை. நஷ்டம் முழுவதும் மலைக்கு.

பெயர் பரவியதும் கல் எடுப்பவர்களும் வந்தார்கள். அசோகர் தூணைப் பக்கத்து ஜமீன்தார் ஒருவர் கரும்பு ஆலைக்கு ஆகும் என்று உடைத்ததை மார்ஷல் எழுதி வைத்திருக்கிறார். இரண்டாயிரம் வருஷப் பளபளப்பு கரும்புச் சாறு பிழிய! சிரிப்பு வருகிறது, ஆனால் அந்த ஜமீன்தாரை மட்டும் திட்டி என்ன பயன்? படித்த கேப்டன் செய்ததற்கு இது எவ்வளவோ பரவாயில்லை.

தானம் என்ற ஒரு சொல்

ஜான்சன் பொக்கிஷம் தேடி உள்ளே போனார் இல்லையா, பொக்கிஷம் வெளியே வேலிக் கல்லில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி இருந்தது. ஸ்தூபியைச் சுற்றிய கல் வேலியிலும் தரைக் கற்களிலும் சின்னச் சின்னதாகப் பொறிப்புகள். என்ன எழுத்து என்றே யாருக்கும் தெரியாத காலம் அது. பிராமி எழுத்தைப் படிக்கத் தெரிந்த கடைசி மனிதர் செத்து எத்தனையோ நூற்றாண்டு ஆகிவிட்டது.

கல்கத்தாவில் நாணயச் சாலையில் வேலை பார்த்த ஜேம்ஸ் பிரின்செப்பிடம் இந்தப் பொறிப்புகளின் படிகள் 1837-ல் வந்து சேர்ந்தன. அவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். எல்லாம் குட்டிக் குட்டி வரிகள், தொடர்ச்சி இல்லாதவை. ஆனால் பெரும்பாலானவை ஒரே இரண்டு எழுத்தில் முடிகின்றன. ஒவ்வொரு கல்லிலும் ஒரு வரி, ஒரே முடிவு. இது கதையாகவோ பாட்டாகவோ இருக்க முடியாது. கோயிலுக்குக் கொடுத்தவர்கள் பெயராகத்தான் இருக்கும். அப்படியானால் அந்தக் கடைசிச் சொல் "தானம்"! அதற்கு முன்னால் இருக்கும் எழுத்து "இன்னாருடைய" என்பதைக் குறிக்கும் "ஸ".

ஒரு சொல் திறந்தது, மீதி எழுத்துகள் வேகமாகத் திறந்தன. டெல்லித் தூணில் இருந்த பெரிய கல்வெட்டையும் அவரால் படிக்க முடிந்தது. அதில் வரும் "பியதசி" என்ற அரசர் அசோகர்தான் என்பதை அதே வருஷம் இலங்கையில் இருந்த ஜார்ஜ் டர்னர் பாலி நூல்களை வைத்துக் காட்டினார்.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. மதுரைப் பக்கத்து மாங்குளம் குகையில் இருக்கும் தமிழி எழுத்துகளை நாம் இன்று படிப்பதற்கு அடித்தளம், சாஞ்சி வேலியில் பிறந்த அந்த ஒரு சொல். மாங்குளத்திலும் எழுதியிருப்பது தானக் கணக்குதான். வெள்ளறை என்ற ஊரின் வணிகக் குழு துறவிகளுக்குச் செய்து கொடுத்ததைப் பதிந்து வைத்திருக்கிறார்கள். சாஞ்சிக்கும் மாங்குளத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம், ஆனால் ரசீது எழுதும் பழக்கம் ஒன்றே!

பேழைகள் போன பாதை

1851-ல் அலெக்சாண்டர் கன்னிங்காமும் கேப்டன் மெய்சியும் வந்தார்கள். இவர்கள் ஜான்சன் மாதிரி இல்லை. எதை எங்கே எடுத்தோம் என்று எழுதி வைத்தார்கள், 1854-ல் கன்னிங்காம் புத்தகமும் போட்டார். பெரிய ஸ்தூபியில் நடுவில் குழி இறக்கினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாம் ஸ்தூபியில் இரண்டு கல் பெட்டிகள் கிடைத்தன. ஒரு மூடியில் சாரிபுத்தர் பெயர், இன்னொன்றில் மகா மொகல்லானர் பெயர். புத்தரின் இரண்டு தலைமைச் சீடர்கள். இரண்டாம் ஸ்தூபியில் பத்து மூத்த துறவிகளின் எலும்புத் துண்டுகள் இருந்தன.

எழுதி வைத்தார்கள் என்பது சரி. ஆனால் எடுத்ததை என்ன செய்தார்கள்? பங்கு பிரித்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். இந்த வட்டாரத்தில் எடுத்த சாரிபுத்தர், மொகல்லானர் அஸ்திகள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பல பத்தாண்டுகள் இருந்தன. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்ப்பவருக்கு அவை அழகான பழைய பேழைகள். பௌத்தருக்கு அவை கும்பிட வேண்டிய பெரியவர்கள். மகாபோதி சங்கம் தொடர்ந்து கேட்டது. கடைசியில் 1947-ல் அஸ்திகள் முதலில் கொழும்புக்கு வந்து, பிறகு இந்தியாவுக்கு வந்து, 1952 நவம்பரில் நேரு முன்னிலையில் சாஞ்சியில் புதிதாகக் கட்டிய விகாரையில் வைக்கப்பட்டன. வருஷத்துக்கு ஒரு முறை, நவம்பர் கடைசியில், மக்கள் பார்வைக்கு வெளியே எடுக்கிறார்கள். நம் ஊரில் உற்சவருக்கு ஒரு நாள் மாதிரி.

வாயில் பிரான்சுக்குப் போகாத கதை

1868 வாக்கில் சாஞ்சியின் ஒரு தோரண வாயிலையே பிரான்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனுக்கு அனுப்பும் பேச்சு எழுந்தது. சாஞ்சி அப்போது போபால் அரசில் இருந்தது. நல்ல வேளையாக அரசாங்கம் அனுமதிக்கவில்லை. அதற்குப் பதில் ஹென்றி ஹார்டி கோல் என்ற பொறியாளர் 1869-70-ல் கிழக்கு வாயிலுக்கு அச்சு எடுத்து, சாந்தில் நகல் வார்க்க வழி செய்தார். நகல்கள் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறின, அசல் வாயில் மலையிலேயே நின்றது. அதே கிழக்கு வாயிலின் கல் நகல் ஒன்று இன்றும் பெர்லினில் நிற்கிறது.

இதில் ஒரு பெரிய வேடிக்கை. "இந்தக் காகநாவத்திலிருந்து கல்லைப் பெயர்ப்பவனும், பெயர்க்கச் சொல்பவனும், வேறு குருகுலத்துக்குக் கொண்டுபோகிறவனும் ஐம்பெரும் பாவம் செய்தவன் அடையும் கதியை அடைவான்" என்ற பொருளில் வாயில் தூணிலேயே இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் கோயில் கல்வெட்டுகளில் "கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம்" என்று வருமே, அதே வகை. அதாவது கல் திருட்டு அப்போதே இருந்திருக்கிறது :-)

அதே கோல் 1881-ல் பழஞ்சின்னங்களுக்குப் பொறுப்பாளராகத் திரும்ப வந்தார். செடி கொடிகளை வெட்டினார். ஜான்சன் வெட்டிய பள்ளம் மூடப்பட்டது. விழுந்து கிடந்த தெற்கு, மேற்கு வாயில்களை அடுத்த சில வருஷங்களில் தூக்கி நிறுத்தினார்கள். அதில் தெற்கு வாயிலின் குறுக்குக் கற்கள் சில முன்பின் மாறிவிட்டன. வெளியே பார்க்க வேண்டிய சிற்பம் உள்ளே பார்க்கிறது. இன்றும் அப்படியே இருக்கிறது. போனால் பார்க்கலாம்.

மார்ஷல் செய்த வேலை

1912-ல் தொல்லியல் துறைத் தலைவர் ஜான் மார்ஷல் வந்தார். 1919 வரை வேலை நடந்தது. போபாலின் ஆட்சியாளர் சுல்தான் ஜகான் பேகம் செலவுக்குப் பணம் கொடுத்தார். ஒரு முஸ்லிம் ராணி பௌத்த ஸ்தூபிக்குக் கொடுத்த கொடை இது. இதையும் தானக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கோல் மூடிய பள்ளம் உள்ளே சரியாக இறுகவில்லை. ஒவ்வொரு மழைக்கும் தென்மேற்குக் கால்பகுதி பிதுங்கி, இரண்டு வாயில்களையும் நடுவிலுள்ள வேலியையும் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. மார்ஷல் அந்தக் கால்பகுதி முழுவதையும் பிரித்துத் திரும்பக் கட்டினார். உச்சியிலுள்ள சதுர வேலியையும் குடையையும் சிதறிய துண்டுகளைத் தேடிச் சேர்த்து நிறுத்தினார். மூன்றாம் ஸ்தூபியை எழுப்பினார். சாய்ந்து நின்ற கோயில் தூண்களை நேராக்கினார். தண்ணீர் வடிய வழி செய்தார், தாங்கு சுவர் கட்டினார், மரம் நட்டார். கிடைத்த சிலைகளை வைக்க மலையில் ஒரு அருங்காட்சியகமும் கட்டினார். இதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது வடிகால்தான். யாரும் போட்டோ எடுக்காத வேலை. ஸ்தூபியைக் கொன்றது தண்ணீர், அதனால் முதல் வைத்தியமும் தண்ணீருக்கு.

மண் அடுக்கை அவர் எப்படிப் படித்தார் என்பதற்கு ஒரு உதாரணம். அசோகர் தூணைச் சுற்றித் தோண்டும்போது இப்போதைய கல் தரைக்குச் சில அடி கீழே பழைய தரை ஒன்று வந்தது. தூண் நட்டபோது இருந்த தரை அது. உள்ளே புதைந்திருக்கும் செங்கல் ஸ்தூபியும் அதே தரையில் இருந்துதான் எழும்புகிறது. அப்படியானால் இரண்டும் ஒரே காலம். மேலே இருக்கும் கல் தரைக்கும் பழைய தரைக்கும் நடுவில் வருஷக்கணக்கில் சேர்ந்த மண் இருக்கிறது. அப்படியானால் கல் போர்வை பிந்தியது. இது அசோகர் கட்டியது, அது பிறகு வந்தவர் கட்டியது என்று நாம் தேர்வில் எழுதுவதெல்லாம் இந்தச் சில அடி மண் சொன்ன சாட்சியை வைத்துத்தான்.

அந்த மண்ணை ஒரு முறைதான் வெட்ட முடியும். வெட்டிவிட்டால் அந்த அடுக்கு திரும்ப வராது. எழுதி வைக்காமல் வெட்டினால் புத்தகத்தைப் படிக்காமல் எரித்த கதைதான். ஜான்சன் பிளந்த பக்கத்தில் என்னென்ன இருந்தன என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

மார்ஷலையும் தெய்வமாக்க வேண்டியதில்லை. இன்று நாம் பார்க்கும் சுத்தமான சாஞ்சி, புல்வெளி நடுவே முழுசாக நிற்கும் ஸ்தூபி, அவர் தேர்ந்தெடுத்த சாஞ்சி. எதைத் திரும்பக் கட்டுவது, எதை இடிபாடாகவே விடுவது என்று அவர் முடிவு செய்தார். ஆனால் என்ன செய்தோம் என்று எழுதினார். 1918-ல் ஒரு கையேடு. பிறகு ஃபூஷே, மஜும்தார் இருவருடன் சேர்ந்து எழுதிய மூன்று பெரிய தொகுதிகள் 1940-ல் வந்தன. அவர் செய்தது தவறென்று நினைக்கிறவர்கூட அவர் கணக்கைப் புரட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். 1989-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சாஞ்சி சேர்ந்ததற்கு இந்த வேலை இல்லாமல் வாய்ப்பே இல்லை.

அட்சய நீவி

இப்போது சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன். வட்டிக் கணக்கு!

சாஞ்சியில் 600-க்கும் மேற்பட்ட தானப் பொறிப்புகள் இருக்கின்றன. யார் கொடுத்தார்கள்? அரசர்கள் பெயர் மிகக் குறைவு. குரரா ஊரைச் சேர்ந்த நாகபிய என்ற வணிகர் ஒரு தூண் கொடுத்திருக்கிறார். விதிஷாவின் தந்த வேலைக்காரர்கள் தெற்கு வாயிலின் சிற்பத்தைச் செதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். எழுத்தர்கள், பிக்குணிகள், உஜ்ஜயினியிலிருந்து வந்த குடும்பப் பெண்கள். ஒருவர் ஒரு குறுக்குக் கல், ஒருவர் ஒரு தரைக் கல். ஒரே ஆள் முதல் போட்ட கம்பெனி இல்லை இது, சில்லறைப் பங்குதாரர்கள் சேர்ந்து கட்டியது.

கி.பி. 450-ஐ ஒட்டி, குப்தர் ஆண்டு 131-ல், ஹரிஸ்வாமினி என்ற பெண் 12 தீனாரப் பொற்காசுகளை அங்குள்ள சங்கத்திடம் கொடுத்திருக்கிறார். நிபந்தனை என்னவென்றால் அசலைத் தொடக் கூடாது. அதன் வட்டியில் தினமும் ஒரு துறவிக்குச் சோறு. இன்னும் 3 தீனாரம் கொடுத்து, அதன் வட்டியில் புத்தர் முன் மூன்று விளக்கு. மேலும் ஒரு தீனாரம், அதன் வட்டியில் நான்கு புத்தர்கள் இருக்குமிடத்தில் ஒரு விளக்கு. அந்த அசலுக்குப் பெயர் அட்சய நீவி. குறையாத முதல். பெரிய ஸ்தூபியின் வேலிக் கல்லில் எழுதியிருக்கிறது.

டிரஸ்ட் சட்டம் பற்றி வகுப்பில் படிக்கும்போது இந்த அம்மாள் ஞாபகம்தான் வருகிறது. அவர் கொடுத்த 16 பொற்காசுகள் எங்கே போயின? விளக்கு எப்போது அணைந்தது? அந்தச் சங்கமே இல்லை. ஆனால் கல் இருக்கிறது. ஜான்சனின் பள்ளத்தோடு சரிந்த வேலித் துண்டில் அவர் பெயர் இருந்திருந்தால், அல்லது யாராவது ஆலைக்கு உடைத்திருந்தால், இப்படி ஒருவர் இருந்தார் என்றே நமக்குத் தெரிந்திருக்காது.

பழைய இடங்களும் அட்சய நீவி மாதிரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வட்டியை எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். போய்ப் பார்க்கலாம், படிக்கலாம், கும்பிடலாம், டிக்கெட் விற்கலாம், நோட்டில் அச்சடிக்கலாம். மண்ணும் கல்லும் அசல். தோண்டுவது என்பது அசலில் கை வைப்பது. வேறு வழியில்லாமல் வைத்தால் பைசா விடாமல் கணக்கு எழுத வேண்டும், எடுத்த இடத்தை மூடிப் பத்திரப்படுத்த வேண்டும்.

இது சாஞ்சிக்கு மட்டும் இல்லை. நம் ஊர்ப் பக்கம் எத்தனை குகைகள், எத்தனை மேடுகள். பக்கத்தில் குவாரி வெடிக்கிறது, சமணப் படுக்கையில் காதலர்கள் பெயர் செதுக்குகிறார்கள், கோயில் கல்வெட்டு மேல் திருப்பணி என்று சுண்ணாம்பு அடிக்கிறார்கள். அடுத்த முறை அப்படி ஒரு இடத்தில் பழைய எழுத்து பொறித்த கல்லைப் பார்த்தால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அதில் யாரோ ஒருவர் விளக்கெரிக்கக் கொடுத்த காசின் கணக்கு இருக்கலாம்.